பார்ட் வரலை, நீயும் வராதே

இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு அந்தச் செய்தி வரும். "நாளை பி ஷிப்ட் கேன்சல். பார்ட் ஷார்ட்டேஜ். யாரும் பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டாம்." கடைசியில் கும்பிடு போடும் கை ஒன்று. ஒரகடத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் காலனியில் இந்தச் செய்தி வராத வீடு அநேகமாக இல்லை. மறுநாள் பத்து மணிக்கும் பையன்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வேலைக்குப் போகாம சுத்துறானுங்க" என்று ஊருக்குள் பேசுவார்கள். வேலைக்குப் போகாதது யார் முடிவு என்று எவரும் கேட்பதில்லை.

முதலில் இந்த "பார்ட் ஷார்ட்டேஜ்" ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். ஆர்டர் குறைந்திருக்கும், சொல்ல மனமில்லாமல் பழியைப் பொருள்மேல் போடுகிறார்கள் என்று. பிறகு ஒரு தம்பிக்காகத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அலைய ஆரம்பித்தேன். அப்போதுதான் கம்பெனிக்குள் ஒரு கிளிப், ஒரு போல்ட் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிவந்தது. பற்றாக்குறை பெரும்பாலும் நிஜம்தான். அது ஏன் வருகிறது, வரும்போது யார் தலையில் இறங்குகிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அந்தத் தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ. வயது 23. காண்ட்ராக்டர் மூலம் உள்ளே போனவர். வேலை, லைன் ஃபீடிங். அதாவது ஸ்டோரிலிருந்து டிராலியில் பொருளை ஏற்றிக்கொண்டு வந்து, அசெம்பிளி லைனில் ஒவ்வொருவர் பக்கத்திலும் இருக்கும் சின்னப் பெட்டிகளை நிரப்ப வேண்டும். இவர்கள் அதை 'பின்' என்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பின். ஒன்று காலியானதும் அதிலிருக்கும் அட்டையை ஸ்கேன் செய்தால் ஸ்டோருக்குத் தகவல் போகும். இரண்டாவது தீருவதற்குள் முதலாவது நிரம்பி வந்துவிட வேண்டும். ஸ்டோரில் குறைந்தால் சப்ளையருக்குத் தகவல். சப்ளையர் லாரி குறித்த மணிக்கு வந்து இறக்கிவிட்டுப் போகும். குடோனில் மலைபோல் குவித்து வைப்பதெல்லாம் கிடையாது.

இதன் ஊற்று ஜப்பானில், டொயோட்டாவில். தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வளர்த்தெடுத்த முறை. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியில் மறுபடி அடுக்குகிறார்கள். தொழிற்சாலையும் அப்படி ஏன் இருக்கக்கூடாது என்பது அவர் கேள்வி. கான்பான் என்று ஜப்பானியர்கள் சொல்வது அந்த அட்டையைத்தான். ஏழு வகை விரயங்களை அவர் பட்டியலிட்டார். தேவைக்கு மேல் செய்வது ஒன்று, சரக்கைக் குவித்து வைப்பது ஒன்று, காத்திருப்பது ஒன்று. கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இந்த முறையை ஒட்டுமொத்தமாகத் திட்டிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு இருந்த தோழி இப்போது ஒரு உதிரிபாக நிறுவனத்தில் சப்ளை பிரிவில் இருக்கிறாள். அவளோடு இதற்காக மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. சரக்கு நிறைய இருந்தால் குறைகள் தெரியாது. ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அடியில் என்ன கல் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வற்றினால் தெரியும். சப்ளையர் பெட்டியில் எண்ணிக்கை குறைகிறதா, மிஷின் அடிக்கடி நிற்கிறதா, ஒரு பார்ட் பத்துக்கு ஒன்று உடைகிறதா என்பதெல்லாம் சரக்கு குறைவாக இருந்தால் உடனே முகத்தில் அடிக்கும். அப்போதே சரிசெய்யலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் கல் தெரிந்ததும் அதை எடுத்துப்போட ஓனோ இன்னொன்றும் வைத்திருந்தார். லைனில் நிற்கும் தொழிலாளி எவரும் கோளாறு கண்டால் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடிவருவார், தீராவிட்டால் லைன் நிற்கும். அதுபோல, பொருள் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அங்கே தனி மரியாதை. மிசுசுமாஷி என்பார்கள், நீர்மேல் வட்டமிடும் பூச்சியின் பெயர். லைன் முழுக்கத் தெரிந்த அனுபவசாலியை அந்த வேலைக்குப் போட வேண்டும் என்பதுதான் அந்த முறையின் பாடம். ஏனென்றால் எந்தப் பெட்டி எவ்வளவு வேகமாகத் தீர்கிறது, எது கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பது அவர் கண்ணில்தான் முதலில் படும்.

நம்மூரில் அந்த வேலை யாருக்கு? நேற்றுச் சேர்ந்த காண்ட்ராக்ட் பையனுக்கு. டிராலி தள்ளுவதுதானே.

தம்பி தள்ளிக்கொண்டிருந்த டிராலியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் போகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரைப் பிடித்து வைக்கும் சின்னச் சாமான். மாட்டும்போது நிறைய உடைந்தது. உடைந்ததை 'ரிஜெக்ட்' என்று எழுதிக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். எழுதினால் அந்த ஷிப்டின் ரிஜெக்ஷன் சதவீதம் ஏறும், போர்டில் சிவப்பு விழும், இன்சார்ஜுக்குத் திட்டு விழும். ஆகவே உடைந்தவை குப்பைத் தொட்டிக்குப் போயின. கணக்கில் உயிரோடு இருந்தன. கம்ப்யூட்டரில் 400. ஸ்டோர் ரேக்கில் 160. கம்ப்யூட்டர் நிறைய இருக்கிறது என்று சொல்லும்வரை சப்ளையருக்குத் தகவல் போகாது.

"நான் மூணு வாட்டி சொன்னேங்க்கா. ரேக்ல இல்ல சார், வந்து பாருங்க சார்னு. 'நீ டிராலி மட்டும் தள்றா, ஸ்டாக் நான் பாத்துக்குறேன்'னாரு."

நாலாம் நாள் லைன் 50 நிமிடம் நின்றது. கார் கம்பெனிக்குப் போக வேண்டிய லாரி தாமதம். விசாரணை. "ஃபீடர் சரியாக ஸ்கேன் செய்யவில்லை" என்று எழுதினார்கள். அடுத்த வாரம் காண்ட்ராக்டரின் ஆள் போனில் சொன்னார், இனி வர வேண்டாம் என்று. கடிதம் இல்லை, நோட்டீஸ் இல்லை.

இப்படி ஒரு பற்றாக்குறை எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். லாரி கவிழவில்லை, வெள்ளம் வரவில்லை. பொருளைக் கையில் தொடுபவனின் பேச்சு கணக்கெழுதுபவரின் காதில் ஏறாததால் பிறக்கிறது. பற்றாக்குறையைத் தடுக்க லட்சக்கணக்கில் மென்பொருள் வாங்குகிறார்கள். ரேக்கில் இல்லை சார் என்று ஒருவன் இலவசமாகச் சொன்னதை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

"இதில் சாதி எங்கே வந்தது? எவன் சொல்லியிருந்தாலும் இன்சார்ஜ் அப்படித்தான் பேசியிருப்பான்" என்றாள் தோழி. இருக்கலாம். ஆனால் டிராலி தள்ளும் இடத்தில் யார் நிற்பார்கள் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டதே, அதைக் கேட்கிறேன். நான் பார்க்கும் கிராமங்களில் ஆளனுப்பும் காண்ட்ராக்ட், பஸ் காண்ட்ராக்ட், கேன்டீன், ஸ்கிராப் எல்லாம் ஊர்த்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் கையில். காலனிப் பையன் டிப்ளமோ முடித்திருந்தாலும் ஹவுஸ்கீப்பிங், லோடிங், ஃபீடிங். அதே டிப்ளமோ வைத்திருக்கும் ஊர்ப் பையன் 'குவாலிட்டி'யில் உட்காருகிறான். எழுதிவைத்த விதி ஒன்றும் கிடையாது. தனியார் ஆலையில் இட ஒதுக்கீடு இல்லை, சாதிவாரிக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட்டால் "நாங்க சாதி பாக்குறதே இல்லீங்க" என்று பெருமையோடு சொல்வார்கள். பார்க்காவிட்டால் தெரியாதுதான்.

இது புதிதும் இல்லை. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. காரணம் என்ன தெரியுமா? தறியில் ஊடுநூல் தீர்ந்ததும் புது நூல்கண்டை ஓடத்தில் மாட்டி, ஓடத்தின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம் வாய் பட்ட ஓடத்தை மற்றவர்கள் தொடமாட்டார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்த விலக்கை ஒரு பிரச்சினையாகவே எழுப்பினார். பொருள் தீரும் அந்த ஒரு நொடியில், அதை மீண்டும் நிரப்பும் உரிமை யாருக்கு என்பதில் சாதி நின்றது. இன்று எச்சில் தடை இல்லை. நிரப்பும் வேலையே நமக்குத்தான் வந்திருக்கிறது, கூலியிலும் மதிப்பிலும் அடித்தட்டு வேலையாக.

இப்போது காத்திருப்புக்கு வருகிறேன். ஓனோவின் பட்டியலில் காத்திருப்பு ஒரு விரயம். தொழிலாளி மிஷின் பக்கத்தில் சும்மா நின்றால் கம்பெனிக்கு நஷ்டம், அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுக்கிறார்களே. அதே தொழிலாளி வீட்டுத் திண்ணையில் காத்திருந்தால்? யாருக்கும் செலவில்லை, எந்தப் போர்டிலும் சிவப்பு விழாது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் லீன் என்ற பெயரில் நடப்பதில் பாதி இந்தத் தந்திரம்தான் என்பது என் கருத்து. குடோனில் சரக்கு வைப்பதில்லை. அதற்குப் பதில் காலனிகளில் ஆள் வைத்திருக்கிறார்கள். பொருள் வந்தால் கூப்பிட, வராவிட்டால் நிறுத்த. சரக்குக்காவது வாடகையும் இன்சூரன்ஸும் கட்ட வேண்டும்.

நாடு முழுவதும் பதிவுபெற்ற ஆலைகளில் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் ஒப்பந்தத் தொழிலாளர் என்று அரசின் தொழில்துறை ஆண்டுக் கணக்கெடுப்பே காட்டுகிறது. அப்ரன்டிஸ் தனி. 1961-ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டத்தின்படி அவர்கள் தொழிலாளரே அல்ல, பயிற்சி பெறுபவர்கள்.

சரக்கே இல்லாமல் எல்லாம் ஓடும் என்று டொயோட்டாவே நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஐசின் என்ற சப்ளையரின் கரியா ஆலை எரிந்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறிய வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. விலை அற்பம். கையிருப்போ சில மணி நேரத்துக்கு. டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோயின. மற்ற சப்ளையர்கள், தையல் மிஷின் செய்யும் கம்பெனி உட்பட, ஆளுக்கொரு மூலையில் வால்வு கடைந்து கொடுத்து ஒரு வாரத்தில் தூக்கி நிறுத்தினார்கள். 2011 நிலநடுக்கத்தில் மறுபடி அடி. அதன்பிறகு எந்தப் பொருளில் ஆபத்து அதிகம் என்று பட்டியல் போட்டு, சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்குச் சப்ளையர்கள் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது டொயோட்டா. 2021-ல் சிப் பஞ்சம் வந்தபோது மற்றவர்கள் தடுமாறிய முதல் மாதங்களில் அது தாக்குப்பிடித்தது அதனால்தான். பஞ்சம் நீண்டபோது, செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைத்தது என்பது வேறு விஷயம்.

ஆக, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே கையிருப்பு வை, அதன் செலவை ஏற்றுக்கொள் என்பது அவர்களும் கற்ற பாடம். ஜப்பானைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கேயும் பருவகாலத் தொழிலாளர்களைப் பிழிந்த கதை உண்டு. கமாதா சதோஷி என்ற பத்திரிகையாளர் 1972-ல் டொயோட்டாவில் அப்படி ஒரு தொழிலாளியாகச் சேர்ந்து, பார்த்ததை மறு ஆண்டே புத்தகமாக்கினார்.

சிப்புக்குக் கையிருப்பு வைக்கலாம், உனக்கு வைக்க முடியாது என்றால் என்ன அர்த்தம்?

சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருப்பதுபோலத் தோன்றும். தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் 'லே-ஆஃப்' இழப்பீடு சேர்க்கப்பட்டது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறையாலோ, சரக்குத் தேக்கத்தாலோ, மிஷின் பழுதாலோ, அதுபோன்ற காரணத்தாலோ வேலை கொடுக்க முடியாவிட்டால் அது லே-ஆஃப். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கொடுக்க வேண்டும். பொருள் பற்றாக்குறை தொழிலாளியின் குற்றமல்ல என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒத்துக்கொண்ட சட்டம் இது. ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு அடைப்புக்குறி: பதிலித் தொழிலாளியும் தற்காலிகத் தொழிலாளியும் நீங்கலாக. அதோடு ஓராண்டுத் தொடர் பணியும் வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தைத் தூக்கிப்போட்டது. அந்த அடைப்புக்குறியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

பற்றாக்குறை நாளில் முதலில் நிறுத்தப்படுகிறவர் யாரோ அவருக்குத்தான் இழப்பீடு இல்லை. நிரந்தரத் தொழிலாளியை அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு, பயிற்சி என்றோ மிஷின் துடைக்கவோ வைத்துச் சம்பளம் போட்டுவிடுகிறார்கள். சங்கங்களும் இதில் பெரிதாக வாய் திறப்பதில்லை. சங்கத் தோழர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஊதிய ஒப்பந்தப் பேச்சில் 'பார்ட் இல்லாத நாள்' பற்றி ஒரு வரி கேட்டீர்களா என்று சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. முந்தின நாள் இரவு ரத்து செய்தால் மறுநாள் கூலியைக் கொடு, காண்ட்ராக்ட் என்றாலும் முழுசாகக் கொடு. அந்தச் செலவு கம்பெனி கணக்கில் ஏறினால்தான் ரிஜெக்டை மறைத்த இன்சார்ஜும், எண்ணிக்கை குறைத்து அனுப்பிய சப்ளையரும் வெளியே வருவார்கள். ஏரி வற்றட்டும், கல் தெரியட்டும் என்கிறீர்களே, கல் குத்துவது உங்கள் காலிலும் இருக்கட்டும். பொருள் வந்தபிறகு யாரை முதலில் கூப்பிடுவது என்பதைக் காண்ட்ராக்டரின் சொந்தபந்தத்துக்கு விடாமல் சுழற்சிப் பட்டியல் ஒட்டு. ஃபீடர் வேலையை நிரந்தர வேலையாக்கு; ரேக்கில் இல்லை என்று அவர் சொன்னால் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடு. கடைசியாகச் சொன்னதற்குத் தோழியே தலையாட்டினாள், அவள் லைனும் நிற்காதே.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் காண்ட்ராக்டர் தரப்பு வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டியது. பி ஷிப்ட் ரத்தான நாட்களில் எல்லாம் தம்பி பெயருக்கு எதிரே 'ஆப்சென்ட்'. அவர்கள் வராதே என்று சொன்ன நாளில் அவர் வரவில்லையாம். இது வெறும் கிண்டல் இல்லை. வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன் நோட்டீஸும் இழப்பீடும் கொடுக்க வேண்டுமானால் கடைசி 12 மாதத்தில் 240 நாள் பணி இருந்திருக்க வேண்டும். பதிவேட்டின்படி அவருக்கு 226. ரத்தான நாட்கள் 24. அவை லே-ஆஃப் நாட்கள், சேர்த்து எண்ண வேண்டும் என்பது எங்கள் வாதம். சேர்த்தால் 250. காண்ட்ராக்டர் ஆப்சென்ட் போட்டது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

பதினான்கு மாதத்தில் மொத்தம் 31 ரத்து. நாளுக்கு 480 ரூபாய் வீதம் ஏறத்தாழ 15,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வராமல் போயிருக்கிறது. இதை எப்படி நிரூபிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் அம்மாதான், "பழைய போனு அலமாரில கெடக்குதும்மா" என்றார். டிஸ்ப்ளே உடைந்துபோன போன். ஒரகடம் கூட்டுரோடு கடையில் 900 ரூபாய் கொடுத்துத் திரையை மாற்றினோம். 31 செய்தியும் இருந்தது, தேதியோடு, கும்பிடு கையோடு.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, இரவில் வரும் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். குரூப்பிலிருந்து தூக்கிவிடுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஷிப்ட், சொன்ன காரணம், அனுப்பியவர் நம்பர் எழுதுங்கள். காலனியில் இப்போது ஏழு பேர் அப்படி நோட்டு வைத்திருக்கிறார்கள். தம்பிக்கு அடுத்த விசாரணை வரும் 18-ஆம் தேதி காலை 11 மணிக்கு. ஏழு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கு ஷிப்ட் இல்லாவிட்டால்.